அராலியில் ஒரு கையெழுத்து

மார்கழி இருபத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்குக் கொக்குவிலில் எங்கள் வாசிகசாலை வாசலிலிருந்து புறப்பட்ட மினிபஸ்ஸில் இருந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும் பின்வருமாறு. சாரதி இருக்கையில் றெஜி. அவருக்குப் பின்னால் ஒற்றை இருக்கையில், ஒலிவாங்கியை மடியில் வைத்தபடி, இளைப்பாறிய புவியியல் ஆசிரியர் தம்பிஐயா மாஸ்ரர். பயணம் அவருடைய யோசனை. கதவடியில் வாசிகசாலைப் பொருளாளர் சயந்தன், காலடியில் இடியப்பப் பெட்டியோடு. இரண்டாம் வரிசை இடப்பக்கம் யன்னலோரம் நான், செயலாளர் பத்மாசினி. எனக்குப் பக்கத்தில் சின்னத்தங்கம். நாங்கள் இருவரும் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரே மேசையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர்கள். எங்களுக்குப் பின்னால் மாஸ்ரரோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த மைமூனா ரீச்சர், தனியாக. மற்றப் பதினேழு பேரின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. இங்கே தேவையில்லை.

பயணத்தின் பெயர் ‘வழுக்கையாற்றுப் பள்ளத்தாக்குப் பண்பாட்டுச் சுற்றுலா’. தெல்லிப்பழைப் பக்கம் மழைநீர் சேருகிற இடத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று ஆற்றோடேயே இறங்கி, அராலியில் அது கடல்நீரேரியில் விழுகிற இடத்தில் முடிப்பதென்று மாஸ்ரர் திட்டம் போட்டிருந்தார். அறிவித்தலைத் தட்டச்சுச் செய்தது நான். கடைசித் தரிப்பு அராலி என்று அடித்த பிறகுதான் என் பெயரையும் பட்டியலில் சேர்த்தேன்.

என் கைப்பையில் ஒரு மண்ணிறக் கடித உறை இருந்தது. அதற்குள் ஒரு சம்மதக் கடிதம், இரண்டு பிரதி, கையெழுத்து வைக்குமிடத்தில் பென்சிலால் சிறிய புள்ளடி போட்டது.

விசயம் இதுதான். என் ஒரே மகள் நிவேதனாவுக்குத் தை முப்பதாம் திகதி கலியாணம். சண்டிலிப்பாயில் ஆற்றோரமாக எனக்குச் சீதனமாக வந்த எட்டுப் பரப்பு வயலை அவளுக்குச் சீதனமாக எழுதுவதென்று பேச்சு. மாப்பிள்ளையின் தகப்பன் மரியாதையான மனிதர். காணி உறுதி எழுதி முடிந்த பிறகு தாலிக்குப் பொன்னுருக்கலை வைப்போம் என்று மட்டும் சொன்னார். பொன்னுருக்கல் தை இருபத்துநாலு. நொத்தாரிசிடம் போனபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தேசவழமைச் சட்டப்படி மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றார்.

“காணி என்ரையெல்லோ?” என்றேன்.

“உங்கடைதான் அம்மா. கையெழுத்து அவற்றை.”

என் கணவர் நடராசா பத்தொன்பது வருடமாக அராலியில் பிரதீபா என்கிற பெண்ணோடு இருக்கிறார். விவாகரத்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டால் அவருடைய சம்மதம் இல்லாமலும் எழுத அனுமதி எடுக்கலாம், ஆனால் மாசக்கணக்காகும் என்று நொத்தாரிசு சொன்னார். ஆகவே அராலிக்கு இரண்டு பதிவுத் தபால் அனுப்பினேன். இரண்டுக்கும் அத்தாட்சி அட்டை திரும்பி வந்தது. அட்டைகளில் அவருடைய கையெழுத்து இருந்தது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

தெல்லிப்பழை தாண்டி ஒரு தோட்டவெளியில் றெஜி வேகத்தைக் குறைத்தார்.

“மாஸ்ரர், எங்கை நிப்பாட்டுறது? ஆறு எங்கை எண்டு சொல்லுங்கோ.”

“உதிலை நிப்பாட்டும். ஆத்துக்கு மேலைதான் நிக்கிறீர்.”

றெஜி யன்னலால் தலையை நீட்டிக் கீழே பார்த்தார். “இதோ? இது மதகெல்லோ!”

“மதகு ஏன் கட்டினவங்கள்? கீழை ஆறு ஓடுறபடியால்.”

“கோடையிலை இதுக்குள்ளை நாங்கள் கிரிக்கெட் விளையாடுறனாங்கள் மாஸ்ரர்,” என்றான் சயந்தன். பஸ் சிரித்தது.

மாஸ்ரர் ஒலிவாங்கியைத் தட்டினார். “சின்ன வகுப்பிலை உங்களுக்கு யாழ்ப்பாணத்திலை ஆறு இல்லையெண்டு படிப்பிச்சவை. நானும்தான் படிப்பிச்சனான். பிழை. வருசத்திலை மூண்டு மாசம் ஓடினாலும் ஆறு ஆறுதான். இறங்குங்கோ.”

இறங்கினோம். புகையிலைக் கன்றுகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். அதில் முழங்காலளவு கலங்கல் தண்ணீர், மிக மெதுவாக, தெற்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மாஸ்ரர் ஒரு பூவரசம் இலையைப் போட்டு அது நகர்வதைக் காட்டினார். எல்லோரும் கைத்தொலைபேசியில் இலையைப் படமெடுத்தார்கள். நான் நேரத்தைக் குறித்தேன். ஏழு இருபத்தைந்து.

அளவெட்டியில் ஒரு குளக்கட்டில் இருந்து காலைச் சாப்பாடு. இடியப்பம், சொதி, சம்பல். கார்த்திகையில் பெய்த பெருமழையில் இந்தக் குளங்களெல்லாம் நிரம்பி ஒன்றையொன்று தொட்டதாம். மாஸ்ரர் சொதிக் கையோடு காற்றில் வரைபடம் கீறினார். சின்னத்தங்கம் என் பார்சலைப் பார்த்தாள்.

“தின்னனடி. நீ அவனிட்டைப் பிச்சைக்கோ போறாய்? உரிமைக்குப் போறாய். வெறுவயித்தோடை போனா நாக்குளறும்.”

“பசியில்லை.”

“பசியில்லாட்டி விடு, என்ரை வயிறு சும்மாதான் கிடக்கு.” என் இடியப்பத்தில் மூன்றை எடுத்துக்கொண்டாள். “அவன்ரை மூஞ்சை இப்ப எப்பிடியிருக்குமோ? நல்ல தலைமயிர் வைச்சிருந்தவன்.”

அவள் சொன்னபோது ஞாபகப்படுத்திப் பார்த்தேன். தலைமயிர் வந்தது. முகம் வரவில்லை. கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், அதுவும் வரவில்லை. பல்லுப் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. ஒரு வாரமாக அப்படித்தான்.

கந்தரோடைக்குப் பத்து மணிக்குப் போனோம். பனைகளுக்கு நடுவே, வேலி போட்ட வெளியில், கவிழ்த்து வைத்த கிண்ணங்கள்போல வெள்ளைக் கல் தூபிகள். சில ஆளுயரம், சில இடுப்பளவு. தொல்லியல் திணைக்களத்தின் பலகை மூன்று மொழியில் நின்றது. தெற்கிலிருந்து வந்த ஒரு பஸ் யாத்திரிகர்கள் வெள்ளை உடுப்போடு சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு வயதான அம்மா, கேட்காமலே, என் கையில் ஒரு நித்தியகல்யாணிப் பூவை வைத்துவிட்டுப் போனா.

“உது ஆர் கட்டினது மாஸ்ரர்? எங்கடையோ, அவையின்ரையோ?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“கட்டினவன் பேர் எழுதி வைக்கேல்லை. எங்கடை ஆக்கள் புத்த சமயத்திலை இருந்த காலமும் உண்டு. அப்ப இந்த ஆத்தாலை வள்ளம் வந்திருக்கும் எண்டு சிலபேர் சொல்லுகினம். நான் நம்புறன். உங்களை நம்பச் சொல்லி வற்புறுத்தேல்லை.”

மைமூனா ரீச்சர் மெல்லச் சொன்னா, “எழுதி வைச்சிருந்தா மட்டும் சண்டை இல்லாமல் போயிடுமோ மாஸ்ரர்? எங்கடை வீட்டு உறுதியிலை வாப்பான்ரை பேர் வடிவா எழுதியிருந்தது. தொண்ணூறாம் ஆண்டு எங்களை ஊரை விட்டுப் போகச் சொல்லேக்கை, அதைக் கையிலை வைச்சுக்கொண்டுதான் புத்தளத்துக்குப் போனனாங்கள்.”

மாஸ்ரர் கொஞ்ச நேரம் ஒலிவாங்கியின் வயரைச் சுற்றினார். பிறகு ரீச்சரே, “சரி, நடவுங்கோ, வெய்யில் ஏறுது,” என்றா. பூவைப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டு நானும் நடந்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு மாஸ்ரர் சண்டிலிப்பாயில் ஒரு மதகடியில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். அங்கே ஆறு கொஞ்சம் ஆறாகவே தெரிந்தது. இரண்டு கரையும் நாணல், நடுவில் ஓட்டம், இரண்டு பக்கமும் வயல். நெல் குடலைப் பருவத்தில் நின்றது.

“இந்தப் பள்ளத்தாக்கிலை ரெண்டாயிரம் வருசமா ஆக்கள் இருந்ததுக்குக் காரணம் இதுதான்,” என்று மாஸ்ரர் ஒரு வயலைக் கைகாட்டினார். “வெள்ளம் கொண்டுவந்து போடுற மண். உந்தத் துண்டைப் பாருங்கோ, எப்பிடி நிக்குது. உரம் போட்டாலும் உப்பிடி வராது.”

அவர் காட்டியது என் வயலை. அவருக்குத் தெரியாது. நான் பேசாமல் நின்றேன். சின்னத்தங்கம் விடவில்லை.

“மாஸ்ரர், அது எங்கடை பத்மாவின்ரை!”

“மெய்யாவோ? செயலாளர், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லேல்லையே! குடுத்து வைச்சனீங்கள்.” எல்லோரும் என்னையும் வயலையும் சேர்த்துப் படமெடுத்தார்கள். யாரோ சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன் என்று நினைக்கிறேன். படத்தில் வேலிக்கதியால்போல நிற்கிறேன்.

அந்த வயலில் என் அம்மாவுக்கு முன் அவருடைய அம்மா அரிவு வெட்டியவர். இடம்பெயர்ந்து போன வருடங்களில் பற்றையாகக் கிடந்ததை வெட்டித் துப்புரவாக்கியது என் அண்ணை சிவசுப்பிரமணியம். கொடிகாமம் சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்கிற மனிதர், சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு முழுக்கப் பற்றை வெட்டிவிட்டுத் திங்கள் விடியச் சந்தைக்குப் போவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நிவேதனாவின் தேர்ச்சி அறிக்கைகளில் ‘பெற்றார் அல்லது பாதுகாவலர்’ என்ற இடத்தில் நாலாம் வகுப்பிலிருந்து அண்ணையின் கையெழுத்துத்தான். கன்னிகாதானத்துக்கு அவரும் அண்ணியும் இருப்பதென்று முதல் நாளே முடிவு. பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தண்ணீர் வார்த்துக் கொடுப்பதற்குத் தம்பதிகளாக இருக்க வேண்டும். நான் தனியாள். போன மாதம் கொடிகாமத்துக்குப் போனபோது அண்ணை குசினிக்குள் செம்பில் தண்ணீர் எடுத்து, அண்ணியின் கைக்கு மேல் பிடித்து, எந்த உயரத்திலிருந்து வார்த்தால் சிந்தாது என்று பழகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் செம்பை வைத்துவிட்டு, “கை நடுங்குதோ எண்டு பாத்தனான்,” என்றார்.

மத்தியானம் ஒரு கோயில் மடத்தில் சோறு. இரண்டு பத்துக்கு அராலி.

அங்கே ஆற்றுக்குக் குறுக்கே கதவுகள் வைத்த அணை. இந்தப் பக்கம் மழைத்தண்ணீர், அந்தப் பக்கம் உப்பு. மாஸ்ரர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி விளக்கம் தொடங்கினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாலு மணிக்கு முன் வந்துவிடுவேன் என்று சயந்தனிடம் சொன்னேன். சின்னத்தங்கம் கூட வரப் புறப்பட்டாள். வேண்டாம் என்றேன்.

“எடி, பேச ஆள் வேணும்.”

“பேசப் போகேல்லை. கையெழுத்துக்குப் போறன்.”

ஒரு கடையில் வீட்டைக் கேட்டேன். பத்து நிமிட நடை. தகரப் படலை. முற்றத்தில் இரண்டு தண்ணீர்ப் பம்புகள் கழற்றிக் கிடந்தன. அவருக்கு எப்போதும் அந்த வேலைதான். படலையைத் திறந்தது பிரதீபா. நான் நினைத்திருந்ததைவிட வயதாகத் தெரிந்தா. கையில் மாவு ஒட்டியிருந்தது. யார் என்று கேட்கவில்லை.

“வாங்கோ அக்கா,” என்றா. பிறகு உள்ளே பார்த்து, “இஞ்சாருங்கோ,” என்றா.

அவர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். வலது காலை வாங்கில் நீட்டி வைத்திருந்தார். பெருவிரல் இல்லை. சீனி வருத்தம். தலைமயிர் பின்னால் கொஞ்சம் மட்டும் இருந்தது. முகத்தைப் பார்த்ததும், ஓம், இந்த முகம்தான் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

“இரும்,” என்றார். இருந்தேன். “பஸ்ஸிலையோ வந்தனீர்?”

“ஓம். வாசிகசாலைப் பயணம். ஆறு பாக்க.”

“ஆறோ? ஆர் உந்தக் கதை சொன்னது?”

“தம்பிஐயா மாஸ்ரர்.”

“உயிரோடைதான் இருக்கிறாரோ மனுசன்?” சிரித்தார். அந்தச் சிரிப்பும் ஞாபகம் வந்தது.

உறையை எடுத்து, இரண்டு பிரதியையும் விரித்து, பேனையை மேலே வைத்து நீட்டினேன். கடிதங்கள் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றார். வாசித்தாரா என்று கேட்டேன். வாசித்தேன் என்றார். “அதிலை புள்ளடி போட்ட இடத்திலை வைச்சாக் காணும். பிறகு உறுதி எழுதுற அண்டைக்கு நொத்தாரிசு ஆளையும் வரச் சொல்லுறார்.”

அவர் கடிதத்தைத் தொடவில்லை. சேர்ட் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். பொலித்தீன் உறை போட்ட கலியாணக் காட். எங்கள் காட்.

“இது எனக்கு வரேல்லை. கடைக்காரச் சிவரூபனுக்கு வந்தது. அவன் மாப்பிள்ளை பகுதிக்கு ஏதோ சொந்தம். கொண்டு வந்து காட்டினவன்.” கையைத் தூரத்தில் நீட்டிப் பிடித்து வாசித்தார். “‘கொக்குவிலைச் சேர்ந்த நடராசா பத்மாசினி தம்பதிகளின் ஏக புத்திரி.’ உது ஆர் எழுதினது? நீர்தானே?”

“நான்தான்.”

“எனக்குத் தெரியும். உம்மடை எழுத்து ஒழுங்கு எனக்குத் தெரியாதோ?”

“காட்டிலை அப்பிடித்தான் எழுதுறது.”

“அப்பிடித்தான் எழுதுறதெண்டா அப்பிடித்தான் இருக்கிறதும்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் உள்ளே பார்த்து, “அதைக் கொண்டு வாரும்,” என்றார். பிரதீபா ஒரு கடைப் பையைக் கொண்டு வந்து வாங்கில் வைத்துவிட்டு நின்றா. உள்ளே கரை போட்ட பட்டு வேட்டி, சால்வை. மடிப்புக் கலையவில்லை.

“என்ரை பேரைப் போட்டு ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறீர். காட்டைப் பாத்த அண்டைக்கே நான் நினைச்சிட்டன், பத்மா கூப்பிடுறா எண்டு. இப்ப சிவரூபன் சொல்லுறான், உம்மடை கொண்ணன்தான் தாரை வாக்கிறாராம். நான் உயிரோடை இருக்க, என்ரை பிள்ளையை அவர் என்னெண்டு குடுக்கிறது?”

எழுதியது நான்தான். பிரிந்திருக்கிறவர்கள், செத்தவர்கள், வெளிநாட்டில் இன்னொரு குடும்பமாகிவிட்டவர்கள், எல்லோருக்கும் காட்டில் அப்படித்தான் போடுகிறது. நாற்பது, ஐம்பது வீட்டுக்குக் காட் வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் அதை அழைப்பு என்று எடுத்ததில்லை.

“பத்தொன்பது வருசம் அண்ணைதான் பாத்தவர்,” என்றேன்.

“நான் இல்லையெண்டு சொல்லேல்லை. நல்ல மனுசன். பாத்தவர். ஆனா தேப்பன் ஆர்?” காட்டைத் திரும்பவும் சேர்ட் பையில் வைத்தார். “நான் உம்மட்டை வேறை ஒண்டும் கேக்கேல்லை. நீரும் நானும் அந்த அரை மணித்தியாலம் மணவறையிலை இருப்பம். தாரை வாத்திட்டு நான் எழும்பி வந்திடுவன். சாப்பிடவும் மாட்டன். அதுக்கு ஓமெண்டா, உறுதிக்கு எந்தத் திகதியெண்டு சொல்லும், ஓட்டோ பிடிச்சு நானே வாறன். இல்லாட்டிக் கோட்டிலை பாரும். நான் கோவிச்சுச் சொல்லேல்லை.”

கோபமாகச் சொல்லவில்லைத்தான். மழை வருமா என்று கேட்பதுபோலச் சொன்னார். பிரதீபா உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து என் பக்கம் வைத்தா. குடித்தேன். சீனி இல்லாத வீடு, எனக்கு மட்டும் போட்டிருந்தா.

“யோசிச்சு எழுதுறன்,” என்றேன். கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன்.

படலை வரைக்கும் பிரதீபா வந்தா. மாவுக் கையைச் சட்டையில் துடைத்தபடி, குரலைத் தாழ்த்தி, “அக்கா, மாட்டனெண்டு எழுதுங்கோ,” என்றா.

நான் நின்றேன்.

“அவர் வேட்டி கட்டி உங்களோடை மணவறையிலை இருந்திட்டு வந்தா, இஞ்சை நான் ஆர்? என்ரை கழுத்திலை கிடக்கிறது கோயிலிலை கட்டினது. கடதாசி ஒண்டுமில்லை. அந்தக் கால் அழுகேக்கை நான்தான் கழுவினனான்.” மூக்கை உறிஞ்சினா. “மாட்டனெண்டு எழுதுங்கோ. உறுதிக்கு நான் அவரைக் கையெழுத்து வைக்கப் பண்ணுறன். அவர் கோவத்திலை இருப்பார், பிறகு இறங்குவார். எனக்கு அவரைத் தெரியும்.”

“எத்தனை நாளிலை இறங்குவார்?”

“அது... சொல்லேலாதக்கா.”

“பொன்னுருக்கு தை இருபத்துநாலு.”

வாறன் என்று சொல்லி நடந்தேன்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க அணையடிக்கு வந்து சேர்ந்தேன். பஸ் புறப்பட்டதும் சின்னத்தங்கம் என் கைப்பையைத் திறந்து, உறையைப் பிரித்து, பென்சில் புள்ளடியைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“செருப்பாலை அடிச்சிருப்பன் நான். வேட்டி வாங்கி வைச்சிருக்கிறானாமோ, வேட்டி! நீ என்ன சொன்னனீ?”

“யோசிச்சு எழுதுறன் எண்டனான்.”

“இதிலை யோசிக்க என்னடி கிடக்கு? உன்ரை கொண்ணர் செம்பும் தண்ணியுமாத் திரியிறார், அந்த மனுசனுக்கு என்னெண்டு சொல்லுவாய்?” அவள் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. அவளுக்கு லேஞ்சியைக் கொடுத்தேன்.

மாஸ்ரர் ஒலிவாங்கியை வரிசையாகக் கொடுத்து, பயணத்தைப் பற்றி ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னார். ஒருவர், இனி மதகைக் கண்டால் கும்பிடுவேன் என்றார். றெஜி, ஆற்றைக் கண்டுபிடிக்க அடித்த டீசலுக்கு ஆறு பொறுப்பில்லை என்றார். என் முறை வந்தபோது, “நல்ல ஒழுங்கு. எல்லாம் நேரத்துக்கு நடந்தது,” என்றேன். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு மன்னாருக்கு அழைத்தேன். நிவேதனா அங்கே தாதியாக இருக்கிறாள். டியூட்டி முடிந்து விடுதியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன்.

“என்னைப் பேர் சொல்லிக் கேட்டவரோ?” என்றாள்.

“இல்லை. ‘பிள்ளை’ எண்டவர்.”

“ம்.” தண்ணீரை நிறுத்தினாள். “அம்மா, உறுதி வேண்டாமெண்டு நான் மாப்பிள்ளை பகுதியிட்டைச் சொல்லட்டோ? அவர் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை.”

“அவர் பிடிக்க மாட்டார். அவற்றை தேப்பன் பிறகு பத்து வருசத்துக்கு ஒண்டும் சொல்லாமல் இருப்பார். அது கூடாது. தாறனெண்டு சொன்னது நான். அவையளிலை பிழையில்லை.”

“அப்ப ஓமெண்டு சொல்லுங்கோ. எனக்குத் தாரை வாக்க அவர் இருந்தாலும் ஒண்டுதான், ஐயர் இருந்தாலும் ஒண்டுதான். கையைப் பிடிச்சுக் குடுக்கிறதுதானே.” வாளி நகர்கிற சத்தம் கேட்டது. “மாமாவுக்கு ஆர் சொல்லுறது?”

“நான் எழுதுறன்.”

“எழுதுறியளோ? போனிலை சொல்லுங்கோவன்.”

“போனிலை சொன்னா அவர், அதுக்கென்ன பிள்ளை, அதுதானே முறை எண்டு உடனை சொல்லுவார். சொல்லிப்போட்டு வைச்சிடுவார்.”

அவள் அழுதாள். மாமா, மாமா என்று இரண்டு தரம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு, வைக்கிறன் அம்மா என்றாள்.

முதலில் வாசிகசாலைக் கோவைக்குப் பயண அறிக்கையை எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். தூபிகளின் எண்ணிக்கை சந்தேகமாக இருந்ததால் ‘பல’ என்று போட்டேன். அடுத்தது அராலிக்கு. ‘தாங்கள் கேட்டபடி சம்மதம். உறுதி தை ஒன்பதாம் திகதி, காலை பத்து மணி, நொத்தாரிசு அலுவலகம். அடையாள அட்டை கொண்டு வரவும். கலியாணத்தன்று காலை எட்டரைக்கு மண்டபத்தில் நிற்கவும்.’ பிரதீபாவுக்கு என்று ஒரு வசனம் எழுத முயன்றேன். எந்த இடத்தில் சேர்ப்பதென்று தெரியவில்லை. சேர்க்காமலே மடித்தேன்.

அண்ணைக்கு எழுதிய முதல் கடிதம் மூன்று பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தபோது அதில் அண்ணை செய்தவையெல்லாம் வரிசையாக இருந்தன, பற்றை வெட்டியது, கையெழுத்து வைத்தது, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிப் போனது. பிரிவுபசார விழாவில் வாசிக்கிற வாழ்த்துமடல்போல இருந்தது. கிழித்தேன். இரண்டாவதில் சட்டத்தை விளக்கியிருந்தேன். அதையும் கிழித்தேன். மூன்றாவது இது:

‘அன்புள்ள அண்ணைக்கு, நான் சுகம். இன்று அராலிக்குப் போய் அவரைக் கண்டேன். உறுதிக்குக் கையெழுத்து வைக்கச் சம்மதித்துள்ளார். அதற்காகக் கன்னிகாதானத்துக்குத் தானே இருக்க வேண்டும் என்று கேட்டார். நான் ஓம் என்று எழுதிவிட்டேன். உங்களையும் அண்ணியையும் கேட்காமல் எழுதினேன். கேட்டிருந்தால் நீங்கள் விட்டுக்கொடுத்திருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை. தண்ணீர் நீங்கள் வார்க்கவேண்டியது. இது முறையல்ல என்று எனக்குத் தெரியும். நிவேதனா அழுதாள். நீங்கள் கோபித்தால் கோபத்தை எனக்கு எழுதுங்கள், அவளோடு வைக்கவேண்டாம். இப்படிக்கு, தங்கை பத்மாசினி.’

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு உபதபால் கந்தோருக்குப் போனேன். அராலிக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினேன். மற்ற உறையில் விலாசத்தைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்த பிள்ளை, “கொடிகாமத்துக்கோ அன்ரி? இதையும் பதிவிலை போடட்டோ?” என்று கேட்டா.

அண்ணையிடம் அத்தாட்சி அட்டையில் கையெழுத்துக் கேட்க முடியாது. “வேண்டாம் பிள்ளை, சாதாரணம் காணும்,” என்றேன்.

உறையின் ஓரப் பசை ஈரக்காற்றில் ஏற்கனவே செத்திருந்தது. மேசையிலிருந்த பசைப் போத்தலை எடுத்து, தூரிகையால் ஒரு கோடு பூசி, மடித்து, ஐந்து விரலாலும் அமர்த்திப் பிடித்தேன். முத்திரையை ஒட்டினேன். வெளியே வந்து சிவப்புப் பெட்டியின் வாயில் அதை வைத்து, ஒன்பது மணி எடுப்புக்கு நேரம் இருக்கிறதா என்று தகட்டைப் பார்த்து, விட்டேன்.